குவிமாடத்துக்கு "அடிமை இயக்கம்" வேண்டாம், "வழிவிடல்" என்று வைக்கலாம்

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சென்னை நண்பர் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். தொலைகாட்டிக் கூடத்தின் குவிமாடத்தை இயக்கும் மென்பொருளின் திரைச்சொற்கள் முழுவதையும் ஒரே ஆளாகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார், பெரிய வேலை. பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் "ஸ்லேவிங்" என்பதற்கு நேரே "அடிமை இயக்கம்" என்று போட்டிருக்கிறார். அதை மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன், மற்றச் சொற்களையும் கூடவே தொட வேண்டியிருப்பதால் கொஞ்சம் நீளும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குவிமாடத்தில் அடியிலிருந்து உச்சி தாண்டும் வரை நீளமாக ஒரு திறப்பு இருக்கும். தொலைகாட்டி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் திறப்பு இருந்தால்தான் வானம் தெரியும். விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் நகர்கின்றன, தொலைகாட்டி அதே வேகத்தில் பின்தொடர்கிறது, குவிமாடம் மட்டும் நின்ற இடத்தில் நின்றால் கொஞ்ச நேரத்தில் சுவர்தான் படத்தில் விழும். அதனால் தொலைகாட்டி இருக்கும் நிலையைக் கணினி பார்த்து, திறப்பு எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, குவிமாடத்தை அந்த அளவுக்குத் திருப்புகிறது. இந்த வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம். வானியல் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் ஆஸ்கொம் நியமத்தில் இதற்கு "ஸ்லேவ்ட்" என்றே பெயர். அதே வேலையைச் செய்யும் இண்டியில் பக்கத்தின் தலைப்பு "ஸ்லேவிங்", நிரலுக்குள் இதன் பெயர் "ஆட்டோசிங்க்". ஆங்கிலத்திலேயே இரண்டு பெயர் இருக்கும்போது நாம் அதில் ஒன்றை அப்படியே பிடித்துத் தொங்கத் தேவையில்லை.

இப்போது "அடிமை". சென்னை நண்பர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வைத்தார், அவ்வளவுதான். ஆனால் நான் இலங்கை மலையகத்தில் பண்டாரவளைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். எங்கள் குவிமாடத்தைப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுடைய பாட்டன் பூட்டன்களின் கடனை ஒரு சீட்டில் எழுதி, அந்தக் கடனை யார் கட்டுகிறார்களோ அவர்களுடைய தோட்டத்துக்கு ஆளையும் சேர்த்து அனுப்பினார்கள். துண்டு முறை என்று அதற்குப் பெயர், 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1948இல் குடியுரிமையும் போனது, மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளைகள் முதன்முதலாகச் சனிக்கோளின் வளையத்தைப் பார்க்க வரும் இடத்தில், திரையில் பச்சை எழுத்தில் "அடிமை: ஆம்" என்று எரிய நான் விடமாட்டேன். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை எழுதுபவர்களே 2020இல் இந்தச் சொல்லைப் புதிதாகப் பயன்படுத்த வேண்டாம் என்று விதி வைத்துவிட்டார்கள். அவர்கள் விட்டதை நாம் இப்போது புதிதாகத் தமிழில் ஏற்ற வேண்டியதில்லை.

சரி, இதை மனவருத்தமாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். தொழில்நுட்பக் கணக்கிலும் அந்தச் சொல் தவறு. அடிமை என்றால் எசமான் செய்வதை அப்படியே செய்வது என்று பொருள் வரும். குவிமாடம் அப்படிச் செய்வதில்லை. எங்கள் தொலைகாட்டி ஜெர்மன் முறைத் தாங்கியில் இருக்கிறது, அதாவது குழாய் தூணின் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக 35 செ.மீ. தள்ளி இருக்கிறது, மறுபக்கம் எடைக்கட்டி. குவிமாடத்தின் ஆரை 1.1 மீற்றர். அகத்திய நட்சத்திரத்தை எடுங்கள், எங்கள் ஊரில் அது நேர் தெற்கே வரும்போது ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் நிற்கும். குழாய் தூணுக்கு மேற்கே இருந்தால், தொலைகாட்டி பார்ப்பது 180 பாகை, திறப்பு நிற்க வேண்டியதோ 201 பாகை. இருபத்தொரு பாகை வித்தியாசம்! தொலைகாட்டியின் கோணத்தை அப்படியே குவிமாடத்துக்குக் கொடுத்தால் குழாய் பார்ப்பது பைபர்கிளாஸ் சுவரைத்தான்.

உச்சிக்குப் போனால் இன்னும் மோசம். திருவாதிரை விண்மீன் பண்டாரவளையின் உச்சியிலிருந்து அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வடக்கே கடந்து போகிறது. (மலையகத்தில் இருப்பவர்களுக்கு இது தனி யோகம், தலைக்கு நேர் மேலே பார்க்கலாம், கழுத்து வலிக்கும் என்பதைத் தவிர.) அந்த இடத்தைக் கடக்கும் ஐந்து நிமிடத்துக்குள் அதன் திசை வடகிழக்கிலிருந்து வடமேற்குக்கு 90 பாகை புரண்டுவிடும். குழாய் நிமிர்ந்து நிற்கிறது, ஆனால் நடுவிலிருந்து 35 செ.மீ. தள்ளி. எங்கள் திறப்பின் அகலம் 60 செ.மீ., நடுவிலிருந்து பக்கத்துக்கு 30. திறப்பு வடக்கு நோக்கி நின்றால் 20 செ.மீ. குழாயின் பாதிக்கு மேல் மறைந்துபோகும். அதனால் குழாய் மேற்கே இருந்தால் திறப்பு மேற்கே போக வேண்டும், கிழக்கே இருந்தால் கிழக்கே. உச்சிக்கோட்டைக் கடந்து குழாய் தூணின் மறுபக்கத்துக்கு மாறும்போது அது பார்ப்பது அதே விண்மீனைத்தான், குவிமாடம் மட்டும் அரை வட்டம் சுற்றி வர வேண்டியிருக்கிறது. தொலைகாட்டி எதைச் செய்கிறதோ அதைச் செய்வதல்ல இதன் வேலை, தொலைகாட்டியின் பார்வைக்கு முன்னால் சுவர் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

இதை மனதில் வைத்துக்கொண்டு இதுவரை வந்த மற்றச் சொற்களைப் பார்ப்போம்.

"பின்தொடர்தல்" நல்ல சொல், ஆனால் அதை ஏற்கெனவே தொலைகாட்டிக்குக் கொடுத்துவிட்டோம். தொலைகாட்டி விண்மீனைப் பின்தொடர்கிறது என்று எல்லாக் கையேட்டிலும் எழுதியாயிற்று. ஒரே திரையில் மேலே ஒரு பின்தொடர்தல், கீழே ஒரு பின்தொடர்தல் இருந்தால் இருட்டில் எதை அமர்த்துவது?

"ஒத்திசைவு" என்று கனடாத் தங்கை எழுதியிருந்தார். அது வேறொரு கட்டளைக்குத் தேவை. குவிமாடத்தை அசைக்காமலே "நீ இப்போது 120 பாகையில் நிற்கிறாய்" என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் கட்டளை ஒன்று ஆஸ்கொமில் இருக்கிறது, அதுதான் உண்மையான ஒத்திசைவு. எங்களுக்கு அது அடிக்கடி வேண்டும். லொறி வைப்பர் மோட்டார் ஒன்றை வைத்து ரப்பர் சில்லால் குவிமாடத்தின் அடிவளையத்தை உரசித் தள்ளுகிறோம், பனிமூட்டம் இறங்கிய இரவில் வளையம் நனைந்து சில்லு வழுக்கும். மோட்டார் சுற்றிய சுற்றை நம்பிக் கோணம் கணக்கிட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் தப்பாகும். ஆகவே சுற்றை எண்ணும் என்கோடரை மோட்டாரில் பூட்டாமல், தனியே வளையத்தில் உருளும் ஒரு சின்னச் சில்லில் பூட்டியிருக்கிறோம். வளையத்தின் அடியில் ஒரு காந்தம் ஒட்டி, சுவரில் காந்தத்தை உணரும் ஒரு ஹோல் சென்சர் வைத்திருக்கிறோம், காந்தம் அதைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை தானாகத் திருத்தப்படும். இந்தத் திருத்தத்துக்கு ஒத்திசைவு என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது, அதைப் பிடுங்கி வேறு வேலைக்குக் கொடுக்க வேண்டாம்.

"உடன்திரும்பல்" எனக்கும் முதலில் பிடித்தது. தொலைகாட்டியுடன் சேர்ந்து திரும்புகிறது, பொருள் தெளிவு. ஆனால் இலங்கையில் "உடன்" என்றால் உடனே என்றுதான் கண் வாசிக்கும், எந்த அறிவித்தலையும் பாருங்கள், "உடன் தொடர்புகொள்ளவும்" என்றுதான் இருக்கும். "திரும்பு" என்பதில் வந்த இடத்துக்கே போ என்ற பொருளும் இருக்கிறது. பொத்தானில் "உடன்திரும்பு" என்று போட்டால் "உடனே பழைய இடத்துக்குப் போ" என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படிக் காந்தம் சென்சருக்கு நேரே வரும் நிலைக்குப் போகும் கட்டளையும் பக்கத்திலேயே இருப்பதால் குழப்பம் நிச்சயம்.

என் முன்மொழிவு "வழிவிடல்". குவிமாடம் தொலைகாட்டிக்கு வழிவிடுகிறது. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை இந்தச் சொல் பேசவே இல்லை, என்ன வேலை நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. கோணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும் என்றும் சொல்லவில்லை. அதுவும் முக்கியம், ஏனென்றால் குவிமாடம் தொலைகாட்டியைப் போல விடாமல் நகராது, திறப்பின் ஓரம் குழாயை நெருங்கும் வரை சும்மா நின்று, பிறகு ஒரு தள்ளு தள்ளி மறுபடி நிற்கும். வினையாகவும் நன்றாக வளைந்து கொடுக்கிறது: வழிவிடுகிறது, வழிவிடவில்லை, வழிவிட முடியாது. எங்கள் வெல்டிங் பாஸிடம் "இனி இது தானாகவே குழாய்க்கு வழிவிடும்" என்று சொன்னேன், மேலே விளக்கம் எதுவும் கேட்காமல் திறப்பின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி "அப்ப இந்த விளிம்பு குழாயிலயிருந்து எவ்வளவு தள்ளி நிக்கணும்?" என்று கேட்டார். சரியான கேள்வி அதுதான்.

மறுப்பு ஒன்று வரும் என்று தெரியும். திறப்பின் மூடியைத் திறப்பதும் வழிவிடுவதுதானே? ஆமாம், பேச்சில் அப்படிச் சொல்லலாம். ஆனால் மூடிக்கு நமக்குத் திற, மூடு என்ற இரண்டு சொல் போதும், அதை யாரும் வழிவிடல் என்று எழுதப் போவதில்லை. கூரை முழுவதும் தண்டவாளத்தில் உருண்டு போகும் கூடங்களுக்கு இந்தச் சொல்லே தேவைப்படாது, அங்கே திருப்புவதற்கு எதுவும் இல்லை.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "அசிமத்" என்பதற்குப் புதிதாக எதுவும் உருவாக்க வேண்டாம். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணத்தை இலங்கைப் பாடப்புத்தகத்தில் திசைகோள் என்று படிக்கிறோம், சாதாரண தரப் பரீட்சை எழுதிய எல்லோருக்கும் தெரியும். "ஆல்டிடியூட்" ஏற்றக்கோணம். தமிழக நண்பர்களுக்குத் திசைகோள் புதிதாக இருக்கலாம், ஆனால் ஒரு தடவை படித்தால் ஒட்டிக்கொள்ளும். "பார்க்" என்பதற்குப் பட்டியலில் "பூங்கா" என்று வந்துவிட்டிருக்கிறது, இயந்திர மொழிபெயர்ப்பின் வேலையாக இருக்க வேண்டும், அதைத் "தரிப்பு" என்று மாற்றுங்கள், வாகனத் தரிப்பிடம் என்பதில் உள்ள அதே தரிப்பு. "ஹோம்" என்பதை "வீடு" என்று போடாமல் "குறிநிலை" என்று போடலாம், காந்தம் குறித்து வைத்த நிலை என்று பொருள் வரும். தரிப்பும் குறிநிலையும் ஒன்றல்ல என்பதையும் கையேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எங்களுக்குத் தரிப்பு கிழக்குப் பக்கம், ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து அறையும்போது மூடியின் இணைப்பு அதற்கு எதிரே இருக்கக் கூடாது. அதோடு சுழலும் பகுதியில் மூடியின் மோட்டாருக்காக வைத்த பேட்டரியின் சூரியப் பலகைக்கும் அங்கே காலை வெயில் கிடைக்கிறது.

தூணின் நடுவுக்கும் குவிமாடத்தின் நடுவுக்கும், குழாய்க்கும் தூணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கும் நான்கு பெட்டிகளுக்கு வடக்கு விலகல், கிழக்கு விலகல், மேல் விலகல், குழாய் விலகல் என்று வைத்துவிடலாம். வழிவிடல் சரியாக வேலை செய்வதும் செய்யாததும் இந்த நான்கு எண்களில்தான் இருக்கிறது, ஆகவே பெட்டிக்குக் கீழே "செ.மீ. அல்ல, மீற்றர்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

மூடியின் பிழைச்செய்தி ஒன்றுதான் பாக்கி. பட்டியலில் "மூடி நிலைப் பிழை" என்று இருக்கிறது. அதைக் கலைச்சொல்லாக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மழை தொடங்கி, சென்சர் கட்டளை கொடுத்து, மூடி பாதியில் நின்றுபோனால் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போனைப் பார்ப்பவருக்கு "மூடி முழுவதும் மூடவில்லை, உடனே போய்ப் பாருங்கள்" என்று இருந்தால் போதும். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா திசைகோள் பற்றித் தன் கருத்தை எழுதியதும் கோப்பைத் திருத்தி அனுப்புகிறேன். வழிவிடலுக்கு வேறு மறுப்பு இருந்தால் அதற்கு முன் சொல்லிவிடுங்கள்.