பாட்டு வகுப்பு ஜூமுக்கு மாறியதும் தம்புரா மறைகிறது, தாளம் பின்தங்குகிறது

வீட்டுவகுப்பு: மாலையில் நேரில் நடந்த வாய்ப்பாட்டு வகுப்பு இப்போது ஜூமில். எட்டுப் பிள்ளைகள், தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை முடிந்து அடுத்ததான ஜண்டை வரிசை. சுருதிக்காக நான் மீட்டும் தம்புரா அவர்களுக்கு விட்டுவிட்டுக் கேட்கிறது. சேர்ந்து பாடினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது. ஆதி தாளத்தைச் சத்தமாகத் தட்டியும் பயனில்லை. நெட் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

சுருதிப்பெட்டி: தம்புரா மறைவது நெட்டால் அல்ல. ஏற்ற இறக்கமின்றித் தொடரும் ஒலியை ஃபேன் இரைச்சலாக எடுத்துக்கொண்டு ஜூம் அமுக்கிவிடும். ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் நீண்ட கார்வையும் இப்படித்தான் பாதியில் அறுபடும். ஆடியோ செட்டிங்கில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ போடுங்கள். வகுப்பு தொடங்கியதும் அந்தப் பட்டன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது உங்களிடமிருந்து போகும் ஒலிக்கு மட்டும்தான். பிள்ளைகள் குரல் முழுதாக வர அவர்களும் போட வேண்டும். எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலேஷனை அணைத்தால் ஹெட்போன் கட்டாயம். வயர் உள்ளதே நல்லது, ப்ளூடூத் தாமதத்தைக் கூட்டும்.

மூன்றாம்காலம்: தாளத்துக்கு நெட் வேகம் மருந்தல்ல. உங்கள் தட்டு பிள்ளையை அடைந்து, அதைக் கேட்டுப் பாடிய குரல் உங்களிடம் திரும்ப 0.3 விநாடி ஆகிறது என்று வையுங்கள். விநாடிக்கு ஒரு தட்டு என்றால் தட்டுக்கு நான்கு ஸ்வரம் வரும் மூன்றாம் காலத்தில் ஒரு ஸ்வரத்துக்குக் கால் விநாடிதான். ஒரு ஸ்வரத்துக்கும் மேல் பின்தங்கியே கேட்கும். பிள்ளை சரியாகத்தான் பாடுகிறது. அதை அதட்டித் திருத்தப் போனால் இருக்கிற காலப்பிரமாணமும் (சீரான வேகமும்) கெடும்.

சேர்ந்து பாடுவதை விட்டுவிடுங்கள். நீங்கள் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாட, எல்லோரும் மியூட்டில் தாளம் போட்டபடி கூடவே பாடட்டும். அடுத்து ஒருவர் மட்டும் அன்மியூட். தாளம் அவர் கையில், நீங்கள் சும்மா கேளுங்கள். கேமராவைத் தாளம் போடும் தொடை தெரியும்படி தாழ்த்தச் சொல்லுங்கள். விரல் எண்ணிக்கையில் சுண்டுவிரலைத் தாண்டுவது முகம் மட்டும் தெரியும் திரையில் அகப்படாது.

வீட்டுவகுப்பு: சுருதி அவரவர் வீட்டிலேயே ஓடட்டுமா?

சுருதிப்பெட்டி: ஆமாம், ஆனால் வேறு கருவியில். ஜூம் ஓடும் போனிலேயே தம்புரா ஆப் போட்டால் பல போன்களில் நின்றுவிடும். சிம் இல்லாத பழைய போன் போதும். மைக்கிலிருந்து மூன்றடி தள்ளி, குரலை மூடாத அளவில் வைக்கட்டும். உங்கள் சுருதியின் உயரம் ஐந்தரைக் கட்டை என்றால் அவர்களுக்கும் அதே. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஃபைன் டியூன் திருகைச் சரிபார்க்க வேண்டும். அது நகர்ந்திருந்தால் கட்டை ஒன்றாயிருந்தும் ஆதார ஸ்வரமான ஸட்ஜம் சேராது.

மூன்றாம்காலம்: எட்டுப் பேரை ஒரே வகுப்பில் வைக்காதீர்கள், தனித்தனியாகக் கேட்க நேரம் போதாது. நான்கு நான்காகப் பிரித்தால் இலவச ஜூமின் 40 நிமிடத்துக்குள் ஒவ்வொருவரையும் இரண்டு முறை கேட்கலாம்.