மெய்நிகர் வெளியில் வரைந்த ஓவியத்தைத் தட்டைத் திரையில் பார்த்து மதிப்பிடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் ஓவிய ஆசிரியை

நான் காவேரிப்பட்டணம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். ரஷ்யாவில் பிறந்து பிரான்சில் வாழும் அன்னா ஜிலியாயெவா, கண்ணை மூடி, கணினி உருவாக்கும் மெய்நிகர் வெளியைக் காட்டும் ஹெட்செட்டைப் பார்வையாளர் முன்னிலையில் அணிந்துகொண்டு காற்றில் வரையும் காணொளியை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் காட்டி, இது ஓவியமா, சிலையா என்று கேட்டாள். தூரிகையும் கித்தானுமாக இருந்த ஓர் ஓவியர், மெய்நிகர் வெளியில் வரைய உதவும் டில்ட் பிரஷ் என்ற மென்பொருளுக்கு வந்து, வரைவதையே மேடை நிகழ்ச்சியாக ஆக்கிக்கொண்டார் என்ற அளவுக்கு அவருடைய கலை வாழ்க்கையைச் சொன்னேன். பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1830இல் தீட்டிய 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' ஓவியத்தை, அது மாட்டப்பட்டுள்ள லூவர் அருங்காட்சியகத்திலேயே அவர் மெய்நிகர் வெளியில் மீண்டும் வரைந்ததையும் சொன்னேன். அவள் கேட்டதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை.

நான் இதுவரை ஹெட்செட்டைத் தொட்டதுகூட இல்லை. ஒளியும் ஆழமும் உள்ள ஒரு படைப்பை ஐந்தரை அங்குலத் திரையில் பார்த்துவிட்டு அதன் அழகைப் பற்றி வகுப்பில் பேசுவது, கோயிலுக்குள் போகாமல் கோபுரத்தின் நிழற்படத்தைக் காட்டிச் சிற்பக்கலை நடத்துவது போல எனக்குப் படுகிறது. கருவி இல்லாமலேயே மாணவர்களுக்கு இதை உணர்த்த வழி உண்டா?

மறுமொழி 1: ஓசூர் வாசகர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் இருப்பதால், இந்தக் கருவியை நாள்தோறும் தலையில் மாட்டும் பேறு எனக்கு உண்டு. டில்ட் பிரஷை உருவாக்கிய சிறு நிறுவனத்தை கூகுள் 2015இல் வாங்கியது. 2016 ஏப்ரலில் எச்.டி.சி. வைவ் என்ற ஹெட்செட்டோடு மென்பொருள் வெளிவந்தது. 2021 ஜனவரியில் கூகுள் அதன் வளர்ச்சிப் பணியை நிறுத்தி, மூல நிரலைப் பொதுவில் விட்டுவிட்டது. இன்று ஓப்பன் பிரஷ் என்ற பெயரில் அதைத் தன்னார்வலர்கள் தொடர்கிறார்கள்.

உங்கள் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அந்த வெளியில் நாம் இழுக்கும் கோடு பெரும்பாலும் தடிமனே இல்லாத ஒரு நாடா. கை எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே அதுவும் சாய்ந்து நிற்கும். வரைந்தவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முகம் முகமாகவே தெரியும், இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாலோ மூக்கு தனியாகவும் கன்னம் தனியாகவும் மிதக்கும். ஜிலியாயெவாவின் காணொளிகளில் கேமரா பக்கவாட்டில் சுழலும்போது அந்த அடுக்குகள் பிரிந்து தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். எனக்கு அவருடைய திறமை வண்ணத்தேர்வில் தெரிவதைவிட, எந்தப் பட்டையை முன்னே வைப்பது, எதைப் பின்னே தள்ளுவது என்ற முடிவில்தான் தெரிகிறது. கைக்கு எந்தத் தடையும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாள் உரசாது, சுவர் தாங்காது. முதல் நாள் எனக்கு ஒரு நேர்கோடுகூட வரவில்லை.

மறுமொழி 2: தருமபுரி, ஓய்வுபெற்ற வரைவாளர்

அம்மா, ஓவியமா சிலையா என்ற இந்தக் கேள்வியை ரஷ்யர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். எல் லிசிட்ஸ்கி ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டடக்கலை பயின்றவர். 1919இல் வீட்டெப்ஸ்க் கலைப் பள்ளிக்கு ஆசிரியராக வந்து, அங்கே வெறும் வடிவங்களால் வரைந்த ஓவியர் மாலெவிச்சின் தாக்கத்தில் 'புரோவுன்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். தொலைவு கூடக்கூடப் பொருள் சிறுத்துக் கொண்டே போய் ஒரு புள்ளியில் முடியும் மரபான இயலுருத் தோற்றத்தை அவர் கைவிட்டு, எங்கள் வரைபலகையில் நாங்கள் கட்டடத்தின் மூன்று பக்கங்களையும் ஒரே அளவுகோலில் காட்டுவோமே, அந்த முறைக்குப் போனார். அதில் பார்ப்பவருக்கென்று நிலையான இடம் கிடையாது. 1923இல் பெர்லின் கண்காட்சியில் ஒரு சிறிய அறையையே அவர் புரோவுனாக்கினார். மரப்பட்டைகளும் கோளமும் சுவர்களிலிருந்து புடைத்து, ஒரு சுவரின் கோடு அடுத்த சுவருக்கு இட்டுச்செல்ல, பார்வையாளர் நடந்தால்தான் ஓவியம் முழுமையாகும். அந்த அறை நிலைக்கவில்லை. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர அருங்காட்சியகத்தில் அதை மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஜிலியாயெவாவை லிசிட்ஸ்கியின் வாரிசு என்று சொல்லிவிடலாமா என்றால், நான் சொல்லமாட்டேன். லிசிட்ஸ்கி நின்று பார்க்கும் இடத்தை ஒழித்தார். இவரோ, ஓசூர் நண்பர் சொல்வதைப் பார்த்தால், அந்த இடத்தை மறுபடியும் தேடிக் கொடுக்கிறார். நம் பக்கத்து மல்லப்பாடிப் பாறையில் பழங்காலத்தில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களை வரைந்தவனுக்கும், ஓவியத்தைச் சுற்றி அடைக்கும் மரச்சட்டம் இருந்ததில்லை என்பது, இதை எழுதும்போது நினைவுக்கு வருகிறது.

மறுமொழி 3: கிருஷ்ணகிரி வாசகர்

பெரியவரின் மறுமொழி அருமை. ஆயினும் ஒரு மாறுபாடு. மெய்நிகருக்கென்று தனி அழகியல் இருக்குமானால், அதைத் தெலக்ருவாவின் நகலில் தேடக்கூடாது. கனடாவின் சார் டேவிஸ் 1995இலேயே 'ஓஸ்மோஸ்' என்ற மெய்நிகர் படைப்பில், மார்பில் கட்டிய பட்டை மூச்சை அளக்க, மூச்சை இழுத்தால் பார்வையாளர் மேலே மிதக்கவும் விட்டால் கீழே அமிழவும் செய்தார். அங்கே உடல்தான் தூரிகை. கித்தானில் முடிந்துபோன ஒன்றைக் காற்றில் திரும்பப் போடுவது கைவித்தையாகவே எனக்குப் படுகிறது.

மறுமொழி 4: ஓசூர் வாசகர்

கைவித்தை என்பதை முழுதாக மறுக்கமாட்டேன், அது மேடை நிகழ்ச்சிதானே. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஓவியத்தை எடுத்ததில் ஒரு வசதி உண்டு. தட்டையான மூலம் மனத்தில் இருப்பதால், கொடி பிடித்த பெண்ணுக்கும் அவள் காலடியில் விழுந்து கிடப்பவர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி புதிதாகக் கண்ணில் படுகிறது.

ஆசிரியை அவர்களுக்கு ஒரு யோசனை: வண்ணத்தாள் பட்டைகளை வெவ்வேறு தொலைவில் நூலில் தொங்கவிடுங்கள். ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் அவை ஓர் உருவமாகச் சேரும்படி அமைத்தால் போதும்.

கேள்வி கேட்டவரின் பதில்: காவேரிப்பட்டணம் ஓவிய ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் பள்ளித் தாழ்வாரத்தின் விட்டத்தில் மூன்று வரிசையாக நூல் கட்டி, நாற்பது பட்டைகளால் ஒரு கிளியைத் தொங்கவிட்டோம். நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டோம். காற்று அடித்தபோதெல்லாம் கிளி கலைந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த மாணவியின் உயரத்துக்கு அமைத்ததால், நெட்டையான பையன்கள் முழங்காலை மடித்தால்தான் அலகு சேர்ந்தது. மடிக்க மறுத்த ஒருவன், தனக்கு அது கிளியாகவே தெரியவில்லை, மாங்காயாகத் தெரிகிறது என்று சாதித்தான். ஹெட்செட்டில் இந்த உயர வேறுபாட்டை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மறுமொழி 5: ஓசூர் வாசகர்

இரு கைக்கருவிகளாலும் வெளியையே பிடித்துச் சுருக்கலாம், விரிக்கலாம், கீழே இறக்கலாம், அம்மா. தாழ்வாரத்தில் அது முடியாது. குட்டையான பிள்ளைகளுக்கு ஒரு பலகையைப் போட்டுவிட்டு, கிளியை நெட்டையானவனின் கண்ணுக்கு உயர்த்திக் கட்டுங்கள்.