‘பப்ளிக் அக்செப்டன்ஸ்’: ஒப்புதலா, இசைவா, ஏற்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக ‘பப்ளிக் அக்செப்டன்ஸ்’ (public acceptance) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஐயா ஒருவர் எழுதியது:

> ‘மக்கள் ஒப்புதல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல். புதிதாக எதற்கு?

இரண்டு நாளாக இந்த வரியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஐயா. தெரிந்த சொல்தான். ஆனால் அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. நிர்வாக ஒப்புதல், அமைச்சரவை ஒப்புதல் என்று அரசாணைகளில் தினமும் பார்க்கிறோம். அதிகாரம் உள்ளவர் தேதி போட்டுக் கையெழுத்திட்டதும் முடிந்துவிடுகிற செயல் அது. நாம் தேடுவதோ, ஒரு விமான நிலையமோ அணையோ தன் பக்கத்தில் வருவதை ஓர் ஊர் மனத்தளவில் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்கான சொல். அதற்குத் தேதி கிடையாது. கூடும், குறையும், வந்தது போகவும் போகும்.

‘இசைவு’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தருவதே ‘இசைவாணை’ என்றாகிவிட்டது. ‘சம்மதம்’ 2013 நிலமெடுப்புச் சட்டத்துக்கு வேண்டும். தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காடும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 விழுக்காடும் முன்கூட்டியே சம்மதம் தர வேண்டும் என்கிறது அது. அரசு தன் தேவைக்கென்று எடுக்கும்போது இந்தக் கணக்கே இல்லை. அங்கேயும் மக்கள் திட்டத்தை ஏற்றார்களா என்ற கேள்வி இருக்கிறதே! இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாமல் போகும்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தைப் பாருங்கள். ரயில் வந்து முட்டி நிற்கும் பழைய நிலையத்தை, நிலத்தடியில் ஊடுருவிச் செல்லும் நிலையமாக மாற்றும் ‘ஸ்டுட்கார்ட் 21’ திட்டத்தை 1994-இல் அறிவித்தார்கள். வேலை தொடங்கியது 2010-இல். இடைப்பட்ட காலத்தில் நகர மன்றம், மாநிலச் சட்டமன்றம் எல்லாம் ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று பூங்கா மரங்களை வெட்ட வந்தபோது கூட்டம் மறித்தது. காவல்துறை தண்ணீரைப் பீய்ச்சியடித்ததில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். அப்புறம்தான் ஹைனர் கைஸ்லர் என்ற மூத்த அரசியல்வாதியை நடுவராக்கி, இரு தரப்பும் வரைபடங்களோடு உட்கார்ந்து வாதாடியதைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டினார்கள். அதை ஏன் 1994-லேயே செய்யவில்லை என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

2011 நவம்பர் 27-இல் மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு. திட்டத்திலிருந்து மாநிலம் விலகும் சட்டம் வேண்டுமா என்பது கேள்வி. ஆகவே நிலையம் வேண்டாம் என்பவர் ‘ஆம்’ என்றும், வேண்டும் என்பவர் ‘இல்லை’ என்றும் குத்த வேண்டியிருந்தது! 58.9 விழுக்காடு ‘இல்லை’. திட்டம் வென்றது. ஆனாலும் எதிர்ப்பாளர்கள் திங்கட்கிழமைதோறும் நடத்திவந்த ஆர்ப்பாட்டங்கள் தொடர்ந்தன. வாக்கெடுப்பின்போது சுமார் 450 கோடி யூரோ என்று பேசிய செலவு பின்னர் 1,100 கோடியைத் தாண்டியது. இங்கே ஒப்புதல் இருந்தது, பெரும்பான்மையும் இருந்தது. இல்லாமல் போனது எதுவோ, அதற்குத்தான் சொல் தேடுகிறோம். எதிர்த்தவர்களுக்கு மட்டும் ‘கோபக் குடிமகன்’ என்ற பெயர் உடனே கிடைத்தது. ஜெர்மனியில் 2010-ஆம் ‘ஆண்டின் சொல்’லாக அதையே தேர்ந்தெடுத்தார்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்று. ஒரு புறவழிச்சாலைக்கு நிலம் போன ஊருக்கு, கணக்கெடுப்புப் படிவத்தைத் தமிழில் சரிபார்க்கப் போயிருந்தேன். இழப்பீடு வாங்கியவர் பெயருக்கு நேராக ‘ஒப்புதல்: ஆம்’ என்று முன்கூட்டியே நிரப்பியிருந்தார்கள். ஓர் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, “பணம் வாங்கினேன், சரி. ஒத்துக்கிட்டேன்னு யார் சொன்னது?” என்றார். அவர் கிணறு சாலைக்குள் போய்விட்டது. மோட்டார் கொட்டகை மட்டும் இந்தப் பக்கம் நிற்கிறது, உள்ளே துருப்பிடித்த ஸ்டார்ட்டரோடு. அந்தப் படிவத்தைத் திருத்தும் வேலை என்னுடையது. வேறு சொல் அப்போது என் கையில் இல்லை.

என் பரிந்துரை: பொதுவாகச் சொல்ல ‘மக்களேற்பு’. திட்டம் வந்து இறங்கும் இடத்து மக்களைத் தனியாகச் சொல்ல ‘ஊரேற்பு’. ஆய்வாளர்களும் நாடு தழுவிய ஆதரவையும் உள்ளூர் ஆதரவையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறார்கள். காற்றாலை நல்லது என்று நாடே சொல்லும். தன் வயலோரம் நடும்போது ஊர் என்ன சொல்கிறது என்பது தனிக் கேள்வி.

அன்புடன்,
சேலத்திலிருந்து

---

மறுமொழி:

‘ஊரேற்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது, அண்ணா. ஆனால் ‘ஏற்பது இகழ்ச்சி’ என்று ஆத்திசூடியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். கொடுத்ததைக் கைநீட்டி வாங்குவது என்ற பொருள் ஒட்டிக்கொள்ளாதா? அந்த அம்மா மறுத்ததும் அதைத்தானே?

---

நல்ல கேள்வி, தங்கச்சி. நானும் தயங்கினேன். ஆனால் பதவியேற்பு, பொறுப்பேற்பு, வரவேற்பு என்று சொல்லும்போது இரத்தல் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. முன்னால் வரும் சொல்தான் பொருளை நிறுத்துகிறது. அதனால் வெறும் ‘ஏற்பு’ என்று எழுத வேண்டாம், எப்போதும் சேர்த்தே எழுதுவோம். ஏற்கத்தக்க தன்மையைச் சொல்ல ‘ஏற்புடைமை’ இருக்கிறது. அதைப் பொறியாளர் காகிதத்தில் மதிப்பிடலாம், ஊரேற்பை ஊரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கேள்வியால் இன்னொரு சொல்லும் தேவை என்று பட்டது. எதிர்மறைக்கு ‘எதிர்ப்பு’ என்று போடக்கூடாது. அந்த அம்மா எந்தப் போராட்டத்துக்கும் போனவர் இல்லை. ‘ஏற்பின்மை’ என்று தனிப்பதிவாகச் சேர்க்கிறேன். விளக்கம் இப்படி: ‘எதிர்ப்புத் தெரிவிக்காமலும், இழப்பீடு பெற்றுக்கொண்டும் கூட, திட்டத்தை மக்கள் மனத்தால் ஏற்காத நிலை’. ‘மனத்தால்’ வேண்டுமா, எடுத்துவிடலாமா?