மணலில் ஃபோர் வீல் டிரைவ் ஓட்ட, டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

நெடும்பயணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் ஃபோர் வீல் டிரைவ் வண்டி சுமையோடு சேர்த்து ஏறத்தாழ 2,400 கிலோ எடை உடையது. டயர் அளவு 265/60 ஆர் 18. தார்ச்சாலையில் நான்கு சக்கரங்களுக்கும் 34 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 34 பவுண்டு) காற்றழுத்தம் வைத்து ஓட்டுகிறேன். சென்ற மாதம் முதன்முறையாக மணலில் இறங்கினேன். 28-க்குக் குறைத்தால் போதும் என்று எண்ணியது தவறாகிவிட்டது. இருநூறு மீட்டர் போவதற்குள் பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்துவிட்டன. உதவிக்கு வந்தவர் சக்கரங்களைச் சுற்றியிருந்த மணலை வாரிவிட்டு 15-க்கு இறக்கச் சொன்னார். வண்டி அமைதியாக வெளியே வந்தது. ஆனால் அனுபவமுள்ள இன்னொருவரோ, 20-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்கிறார். நான் எந்த எண்ணை வைத்துக்கொள்வது? கூடாரம், தண்ணீர் எல்லாம் பின்பக்கம்தான் இருக்கின்றன. முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் வைக்கலாமா?

மணல்தடம்:

உங்களுக்குச் சொன்ன இருவருமே அவரவர் வண்டியைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். அதனால் எண்ணை விட்டுவிட்டு முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ இறங்குகிறது என்று கொள்ளுங்கள். 34 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.4 கிலோ, ஆகவே அந்த எடையைத் தாங்க டயர் தரையில் ஏறத்தாழ 250 சதுர சென்டிமீட்டர் பதிந்தால் போதும். 15-க்கு இறக்கினால் அதே எடைக்கு 570 சதுர சென்டிமீட்டர் தேவைப்படுகிறது. பக்கச்சுவரின் விறைப்பும் எடையில் ஒரு பங்கைச் சுமப்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், போக்கு இதுதான். டயர் பக்கவாட்டில் விரிந்து அகலமாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் டயர் தரையில் பதியும் பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில்தான் வளர்கிறது. அதனால் சக்கரம் தனக்கு முன்னால் மணலைக் குவித்து அந்த மேட்டில் ஏறத் திணறாமல், தடம் போட்டு அதன் மேலேயே உருண்டு போகிறது. 28-ல் உங்கள் வண்டி புதைந்ததற்கு என்ஜினில் வலு இல்லாதது காரணமன்று.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தின் மணல்மேடுகளைச் சாதாரண ஃபோர்டு கார்களில் கடந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்ட் டயர் காற்றைக் குறைத்துத்தான் ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் கடலிலிருந்து கரையேறிய டக் என்னும் நீர்நில வாகனத்தில், ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தபடியே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்திருந்தார்கள்.

இனி உங்கள் டயருக்கு வருவோம். டயரின் அகலமான 265 மில்லிமீட்டரில் 60 விழுக்காடு என்றால் பக்கச்சுவரின் உயரம் 159 மில்லிமீட்டர். 265/70 டயருக்கு அது 185-ஐத் தாண்டும். உயரம் குறைந்த டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இடம் குறைவு என்பதால், உயரமான டயர்க்காரர் துணிந்து இறக்கும் அளவுக்கு நீங்கள் இறக்கக் கூடாது. நான் நம்பும் வழி இது: கெட்டியான சமதரையில், சுமை ஏற்றிய நிலையில், ரிம்மின் கீழ்விளிம்பிலிருந்து தரை வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். சாலை அழுத்தத்தில் அது 120 மில்லிமீட்டர் என்றால், 90-க்கு வரும்வரை, அதாவது கால் பங்கு குறையும்வரை, காற்றை இறக்குங்கள். அப்போது அழுத்தமானி காட்டும் எண்தான் உங்கள் வண்டிக்கு உரிய தொடக்க எண். பின்சக்கரங்களைத் தனியாக அளந்தால், சுமைக்கு ஏற்ப அங்கே இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாக வைக்க வேண்டியிருப்பதை நீங்களே காண்பீர்கள். ஈரம் பிடித்த இறுகிய மணலுக்கு 20-ஐ ஒட்டியும், உலர்ந்த மணலுக்கு 15 முதல் 18 வரையும் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். 10 என்பது சிக்கிய வண்டியை வெளியே எடுக்க மட்டும். வந்தவுடன் மீண்டும் ஏற்றிவிட வேண்டும்.

காற்றுமானி:

மேலே சொன்னவற்றோடு முழுக்க உடன்படுகிறேன். சூட்டைப் பற்றியும் கழலுவதைப் பற்றியும் சிறிது சேர்க்கிறேன்.

சாலையில் நெடுநேரம் ஓடிய டயர் சூடாக இருக்கும். 20 பாகை செல்சியஸில் 34 வைத்த டயர் 50 பாகையில் 39 காட்டும். அந்தச் சூட்டோடு 15-க்கு இறக்கி, இரவு மணலிலேயே தங்கினால், காலையில் டயர் 20 பாகைக்குக் குளிர்ந்தபின் அதில் சுமார் 12 மட்டுமே இருக்கும். எனவே புறப்படும் முன் மீண்டும் அளப்பது அவசியம்.

டயரின் ஓரத்தை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே உள்ள காற்றுதான். அது குறைந்தால் பிடியும் குறைகிறது என்பதால், உங்கள் நண்பரின் அச்சம் ஆதாரமற்றதன்று. நான் ஒருமுறை 12-ல், சரிவில் குறுக்காகப் போய்க்கொண்டே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். முன்பக்கத்து வெளிச்சக்கரத்திலிருந்து சீறும் ஒலி கேட்டது; இறங்கிப் பார்த்தபோது ரிம்முக்கும் டயருக்கும் நடுவே விரற்கடை இடைவெளியில் மணல் நிறைந்திருந்தது. ஜாக் வைத்துத் தூக்கி, தூரிகையால் ஒவ்வொரு மணியாகத் துடைத்துவிட்டுத்தான் மீண்டும் காற்று ஏற்ற முடிந்தது. நேராக, நிதானமாக ஓட்டியிருந்தால் அதே 12-ல் அந்த டயர் கழன்றிருக்காது என்றே நான் கருதுகிறேன். 15-ல் ஓட்டும்போது மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். திருப்பங்களை அகலமாக எடுங்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றாமல் வேகம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி விரிந்து சூடேறுகிறது; அந்தச் சேதம் வெளியே தெரியாமல் இருந்து, பல நாள் கழித்துக்கூட டயரை வெடிக்க வைக்கும்.

நெடும்பயணி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: அளந்து வைத்த அழுத்தத்திலும் வண்டி திணறினால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

மணல்தடம்:

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான். சக்கரம் ஒரு சுற்று வீணாகச் சுழன்றாலும் குழி ஆழமாகிறது. சக்கரங்களைச் சுற்றியுள்ள மணலை வாரிவிட்டு, இன்னும் மூன்று பி.எஸ்.ஐ. இறக்கி, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும். நிறுத்தும்போதும் பிரேக்கை அழுத்தாமல் வண்டியைத் தானாக நிற்க விடுங்கள், இல்லையேல் முன்சக்கரங்களுக்கு எதிரே மணல் மேடாகிவிடும்.

நெடும்பயணி:

நேற்றுப் போய்வந்தேன். டேப்பால் அளந்ததில் முன்னே 16, பின்னே 18 வந்தது. காலையில் அதுவே போதுமாக இருந்தது. நண்பகலில் மணல் உலர்ந்து இளகியதும் மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்த வண்டி இரண்டாவதைக் கேட்கத் தொடங்கியது. அங்கேயே நிறுத்தி 14-க்கும் 16-க்கும் இறக்கினேன், மீண்டும் மூன்றாம் கியரிலேயே ஓடியது. திரும்பும்போது சாலையோரம் நிறுத்தி, நான்கு டயர்களுக்கும் 34 ஏற்றிய பிறகே புறப்பட்டேன்.