பதில்: மைதான நிதி – படத்தில் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே?

எல்லோருக்கும் வணக்கம். நம் திருவொற்றியூர் மைதானத்தில் ஸ்டேடியம் கட்ட நிதி கேட்டு, மஸ்கட் மாமாவின் வரைபடத்தோடு குழுவுக்கு வந்த மடலுக்கு இது என் பதில்.

போன மாதம் அம்மாவைப் பார்க்கத் திருவொற்றியூர் போய்ப் பத்து நாள் இருந்தேன். தினம் சாயங்காலம் மைதானத்துக்கும் போனேன். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஸ்டேடியம் கட்டாயம் வேண்டும். 2021ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது நல்லதுதான். அதற்காக எட்டாவது படிக்கிற பிள்ளை பள்ளி விட்டு, சென்ட்ரலில் இறங்கி, பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் பயிற்சி முடித்து, இருட்டில் வீடு திரும்ப முடியுமா? புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றாள். நம் பக்கத்தில் கேரம் இவ்வளவு வளர்ந்ததற்கு ஒரு காரணம், ஒரு போர்டும் ஒரு சின்ன அறையும் அதற்குப் போதும். ஓட்டத்துக்கும் கபடிக்கும் இடம் வேண்டுமே.

ஆனால் மஸ்கட் மாமா அனுப்பிய வரைபடம் நம் மைதானத்துக்கு ஒத்து வராது. எட்டுத் தடம் கொண்ட 400 மீட்டர் ஓடுதளத்துக்கு மட்டுமே சுமார் 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும். நானும் தம்பியும் டேப் பிடித்து அளந்தோம். நீளம் 110, அகலம் 68. இதில் கேலரி வேறு. பெண்கள் கபடிக்கு 12க்கு 8 மீட்டர், வாலிபாலுக்கு 18க்கு 9. இவை இரண்டும், நடைபாதையும், விளக்கும் தாராளமாக அடங்கும். முதலில் மழைநீர் வடிகால் போடுங்கள். ஐப்பசியில் தேங்கினால் தை வரை சேறுதான்.

ஒரு நாள் அங்கே ஒரு சிறுமி, பதிமூன்று வயதிருக்கும், வெறுங்காலில் ஆறு சுற்று ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மூடியே திறக்கவில்லை. குடிம்மா என்றேன். "வேணாம் ஆன்ட்டி, அப்புறம் எங்க போறது?" என்றாள். மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறாள்.

1991ல் நான் ஓட்டத்தை விட்டதும் இதே காரணத்தால்தான். அன்று அப்பா சங்கக் கூட்டத்தில் கழிப்பறை கேட்டபோது "பொண்ணுங்களுக்கு எதுக்கு" என்றவர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார். பெயர் எழுதவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

துபாய் அண்ணன் கணக்குக் கேட்பது நியாயம். 2015 வெள்ளத்துக்கு வசூலித்ததில் மீதி எவ்வளவு என்று அவர் நாலு மடல் எழுதிவிட்டார். பதில் வராமல் புது வசூல் சரியில்லை.

மஸ்கட் மாமா, கம்பி வேலிக்குத் தாத்தா கொடுத்ததை யாரும் மறக்கவில்லை. அவர் பெயரை நுழைவு வளைவில் போடுவதைவிடக் குடிதண்ணீர்த் தொட்டியில் போடுங்கள். பிள்ளைகள் தினம் படிப்பார்கள்.

திருத்திய வரைபடமும் பழைய கணக்கும் வந்த அன்றே ஐம்பதாயிரம் அனுப்புகிறேன். சாயங்காலம் கேட் பூட்டாமல் இருக்கும், சாவி யாரிடம் என்பதையும் எழுத்தில் போடுங்கள்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: கிழக்கு மூலைத் தூங்குமூஞ்சி மரம் வரைபடத்தில் இல்லையே, வெட்டப் போகிறீர்களா?

மெல்போர்னிலிருந்து,
டீச்சர் வீட்டுப் பெரியவள்