எஃப்சிசி ஐடி இல்லாத 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவ கூரைல மாட்டலாமா?

கூரைவாசி:
வணக்கம் மக்களே, டல்லாஸுக்கு வடக்க ஊர் முடியுற இடத்துல வீடு வாங்கிருக்கோம், கேபிள் இன்னும் வரல, அரை மைல் தள்ளி நண்பர் வீட்ல ஃபைபர் இருக்கு, அங்கருந்து வயர் இல்லாம நெட் இழுக்கலாம்னு அதுக்கான பழைய ரேடியோ ரெண்டு வாங்கிட்டேன். ஸ்டிக்கர்ல ஐரோப்பாவுக்கான சிஇ முத்திரை மட்டும்தான், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்சிசி சான்று குடுத்த கருவிக்கு இருக்கற ஐடி இல்ல. எந்த நாட்டு விதிப்படி ஓடணும்னு சொல்ற கன்ட்ரி கோடு செட்டிங்க மாத்துனா எல்லா சேனலும் தொறக்கும்ங்கறார் வித்தவர். பிரச்சனை வந்தா மாட்டறது அவரா நானா? வீட்டம்மா பயப்படுறாங்க.

கூடலூரான்:
ரெண்டு பேருமே. 1934 கம்யூனிகேஷன்ஸ் சட்டம் 302ஆம் பிரிவுல விக்கறது, இறக்குமதி பண்றதோட பயன்படுத்தறதும் சேர்த்தி. வைஃபைக்கு லைசென்ஸ் வேணாம்கறது லைசென்ஸ் இல்லாத கருவிகளுக்கான எஃப்சிசியோட பார்ட் 15 விதிக்குள்ள இருக்கற வரைக்கும்தான், அத மீறிட்டா லைசென்ஸ் இல்லாம டிரான்ஸ்மிட் பண்ண கணக்கு. அபராதத்துக்கு எஃப்சிசி வச்சிருக்கற அடிப்படைத் தொகை அனுமதியில்லாத கருவிக்கு 5,000 டாலர், மத்த சிக்னலுக்கு இடைஞ்சல் பண்ணா 7,000, லைசென்ஸ் இல்லாம ஓட்டுனா 10,000, கூடவும் செய்யும் குறையவும் செய்யும். லைசென்ஸ் இல்லாத சாதாரண ஆளுக்கு முதல்ல எச்சரிக்கை லெட்டர் வரணும், ஆனா லைசென்ஸ் தேவைப்படற வேலைன்னா அந்தச் சலுகை கிடையாது.

டவர்தம்பி:
அண்ணே, பணத்த விடுங்க. நான் டவர் ஏறி ஆன்டெனா மாட்டறவன். 5600லருந்து 5650 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏர்போர்ட் டாப்ளர் ராடார் ஓடுது, உங்க பக்கத்துல டிஎஃப்டபிள்யூ (டல்லாஸ் ஃபோர்ட் வொர்த்), லவ் ஃபீல்டு ரெண்டு ஏர்போர்ட்டுக்குமே இருக்கு. 1985 ஆகஸ்ட் 2 அன்னிக்கு டிஎஃப்டபிள்யூல இறங்க வந்த டெல்டா விமானம் மேலருந்து அடிச்ச காத்துல சிக்கி 137 பேர் செத்தாங்க, அந்தக் காத்த முன்னாடியே பாக்கத்தான் இந்த ராடார். கன்ட்ரி கோடு மாத்துனா ராடாரக் கண்டா ஒதுங்கற டிஎஃப்எஸ் நின்னுபோக வாய்ப்பிருக்கு. அப்புறம் ராடார் காட்டற மழைப் படத்துல சைக்கிள் கம்பி மாதிரி ஒரு பட்டை நீளும், அதுவே உங்க வீடு இருக்கற திசையக் காட்டிக்குடுத்துரும். போர்ட்டோ ரிக்கோல சான் ஹுவான் ஏர்போர்ட் பக்கம் இப்படித்தான் இன்டர்நெட் குடுக்கறவங்க அபராதம் கட்டுனாங்க.

கூரைவாசி:
இவ்ளோ இருக்குன்னு தெரியாது, திருப்பி அனுப்பறேன். ஐடி இருக்கற ரேடியோ வாங்கி பெரிய டிஷ் போட்டா?

டவர்தம்பி:
அந்த ரேடியோவுக்கு எந்த வகை ஆன்டெனாவோட சான்று குடுத்தாங்களோ அதே வகையா இருக்கணும், கெயின், அதாவது சிக்னல ஒரு பக்கமா குவிக்கற அளவு, அதவிட அதிகமாகக் கூடாது. அரை மைலுக்கு சின்ன டிஷ்ஷே தாராளம்ணே. ராடார் 35 கிலோமீட்டருக்குள்ள இருந்தா அதோட அலைவரிசைலருந்து 30 மெகாஹெர்ட்ஸாவது தள்ளி வைங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஸ்டிக்கர் போட்டோ கேளுங்க, எஃப்சிசி தளத்துல ஐடிய அடிச்சா டெஸ்ட் ரிப்போர்ட்டே வரும்.