பெண்களின் நட்பைச் சொன்ன மங்கா: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதைகளில், நட்பு என்றதும் எல்லோரும் 'நருட்டோ'வில் வரும் நருட்டோ, சசுகே என்ற இரண்டு பையன்களை வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். பெண்களுக்கு இடையிலான நட்பை மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. முதல் ஆளாக நானே எழுதுகிறேன். கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது யசாவா ஐ வரைந்த 'நானா'. டோக்கியோ போகும் ரயிலில் இரண்டு பெண்கள் சந்திக்கிறார்கள். இருவருக்கும் வயது 20, இருவர் பெயரும் நானா. ஒருத்தி பங்க் இசைக்குழுவின் பாடகி. இன்னொருத்தி காதலன் இருக்கும் ஊரைத் தேடிப் போகிறவள். அப்புறம் வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் மறுபடி சந்தித்து, 707 எண் வீட்டில் ஒன்றாகக் குடியேறுகிறார்கள். பாடகி மற்றவளுக்கு வைக்கும் செல்லப் பெயர் ஹாச்சி.

இதைப் படித்தபோது நான் சென்னையில் ஒரு தோழியோடு அறையைப் பகிர்ந்திருந்தேன். அவளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? காதலன் விட்டுப் போனால் அழலாம், ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். தோழிக்குக் கல்யாணம் என்று அழுதால் என்ன நினைப்பார்கள்?

அந்த நேரத்தில்தான் ஹாச்சி கர்ப்பமாகி, இன்னொரு இசைக்குழுவின் டகுமியோடு போகும் கட்டத்துக்கு வந்தேன். பாடகி நானாவுக்குக் காதலன் ரென் இருக்கிறான், பாட்டு இருக்கிறது. ஆனாலும் ஹாச்சி இன்னொருவனின் வீட்டுக்குப் போவதை அவளால் தாங்க முடியவில்லை. யசாவா அந்தப் பொறாமையை மட்டமாகக் காட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. ஒரு பெண்ணுக்கு வரக்கூடிய முழுத் துக்கமாகவே வரைந்திருக்கிறார். எனக்கு வந்ததும் அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. என் தோழிக்கும் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவளும் அழுதாள், அதன் பிறகு இருவரும் மனம் விட்டுப் பேசினோம்.

கதையைச் சொல்வது பல வருடம் கழித்துப் பின்னோக்கிப் பார்க்கும் ஹாச்சிதான். அதனால் இருவரும் பிரியப் போகிறார்கள் என்பது நமக்கு முன்பே தெரியும். 2000-இல் 'குக்கி' இதழில் வரத் தொடங்கிய தொடர், 2009-இல் யசாவாவின் உடல்நலக் குறைவால் 21 தொகுதிகளோடு நின்றுபோனது. இன்னும் முடியவில்லை.

—

அக்கா, 'நானா' எனக்கும் உயிர். ஆனால் என் கதை 'எ சைலண்ட் வாய்ஸ்'. ஓய்மா யோஷிடோகி 2013, 2014-இல் பையன்களுக்கான வாரப் பத்திரிகையில் வரைந்தது, மொத்தம் 7 தொகுதிகள். எல்லோரும் ஷோகோவையும், பள்ளியில் அவளைக் கொடுமைப்படுத்திய ஷோயாவையும் பற்றியே பேசுவார்கள். எனக்கு சஹாரா முக்கியம்.

காது கேளாத ஷோகோ புதிதாக வகுப்புக்கு வருகிறாள். சைகை மொழி கற்கிறீர்களா என்று கேட்டதும், கையைத் தூக்கும் ஒரே பெண் சஹாரா. நல்லவளாகக் காட்டிக்கொள்கிறாள் என்று மற்றவர்கள் கேலி செய்ய, சஹாரா பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பாள். அவளையும் சேர்த்துக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். ஒருநாள் அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். வருஷக்கணக்கில் அவள் மேல் எனக்குக் கோபம். சஹாராவைப் படித்த பிறகுதான், விட்டுப் போனவளுக்கும் அது வலித்திருக்கும் என்று தோன்றியது. வளர்ந்த பிறகு ஷோகோ அவளைத் தேடிப் போகும்போது, சஹாரா சைகை மொழியைக் கற்று வைத்திருப்பாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை.

அதே வகுப்பில் ஷோகோவைக் கொடுமைப்படுத்திய இன்னொருத்தி யுவேனோவை எல்லோரும் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். ராட்டினத்தில் ஷோகோவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று நேருக்கு நேர் சொல்கிறாளே, மற்றவர்கள் ஷோகோவிடம் காட்டும் இரக்கத்தைவிட அது நேர்மையானது. கொடுமைதான். ஆனால் அவளைச் சமமாக வைத்துச் சண்டை போடுகிறவள் யுவேனோ மட்டும்தான்.

—

யுவேனோ விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே யுவேனோ பின்னால் மருத்துவமனை வாசலில் ஷோகோவை அடிக்கிறாளே, அதையும் நேர்மை என்பீர்களா? எனக்குப் பிடித்த எதிராளி 'கிமி நி தொடோகே'வில் வரும் குருமி. வதந்தி பரப்பி, கதாநாயகி சவாகோவைத் தோழிகளிடமிருந்து பிரிக்கப் பார்த்தவள், கடைசியில் அவளோடு ஒரே கல்லூரிக்குப் போகிறாள். ஷீனா கருஹோ அதற்கு 30 தொகுதி எடுத்துக்கொண்டார். மனம் மாற அவ்வளவு காலம் ஆகும் என்பதை நான் நம்புகிறேன்.

—

எனக்கு 61 வயது. மங்கா படிப்பது மகள் பழக்கிவிட்டது. நீங்கள் எல்லோரும் பள்ளி, கல்லூரித் தோழிகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். சுருதானி கஓரி வரைந்த 'பிஎல் மெட்டமார்ஃபசிஸ்' பாருங்கள், ஐந்தே தொகுதிகள். கணவரை இழந்த 75 வயது இச்சினோயி, அட்டைப்படம் அழகாக இருக்கிறதே என்று ஒரு மங்காவை வாங்குகிறார். பிரித்தால் இரண்டு பையன்களின் காதல் கதை, அதைத்தான் பிஎல் (பாய்ஸ் லவ்) என்கிறார்கள். அடுத்த பாகம் கேட்டுப் போனால், கடையில் வேலை பார்க்கும் 17 வயது உராராவும் அதே ரகத்தை ரகசியமாகப் படிப்பவள். பேச ஆள் கிடைத்துவிட்டது.

அதில் பாட்டி ஒரு கணக்குப் போடுவார். தொடர் வரும் வேகத்தையும் தன் வயதையும் வைத்து, இன்னும் எத்தனை பாகம் படிக்க முடியும் என்று பார்ப்பார். எனக்கு அந்தக் கணக்கு தெரியும். அதனால்தான் உராரா வந்து உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு பக்கமும் எனக்கு ருசிக்கிறது. அந்தப் பெண் பாட்டியிடம் கடமைக்காக வருவதில்லை, பாட்டியும் புத்தி சொல்வதில்லை. எங்கள் அடுக்ககத்தில் ஒரு கல்லூரிப் பெண் இப்போது சாயங்காலம் என்னிடம் புத்தகம் மாற்றிக்கொள்ள வருகிறாள். ஐந்தாம் தொகுதி அவளிடம்தான் இருக்கிறது. முடிவை மட்டும் யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள் கண்ணுகளா.